அமீரகத்தில் பள்ளி மாறும் ஆசிரியர்களுக்கு: ராஜினாமா முதல் புது விசா வரை

ஜனவரி பிறந்துவிட்டால் துபாய், ஷார்ஜா, அபுதாபி இந்தியப் பள்ளிகளின் ஸ்டாஃப் ரூமில் ஒரே பேச்சுதான். அடுத்த வருடம் யார் இருக்கப் போகிறார்கள், யார் வேறு பள்ளிக்குப் போகப் போகிறார்கள்? கூடவே பயமுறுத்தலும் வரும். "ஆறு மாசம் பேன் (புது வேலைக்குத் தடை) விழும்", "என்ஓசி (பழைய பள்ளியின் ஆட்சேபமின்மைச் சான்று) இல்லாம நகர முடியாது", "காண்ட்ராக்ட் முடியறதுக்குள்ள போனா 45 நாள் சம்பளம் போயிடும்." இதையெல்லாம் நம்பி, பிடிக்காத பள்ளியில் வருடக்கணக்கில் இருந்துவிட்ட நல்ல ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பயமெல்லாம் ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 2016 ஜனவரியில் வந்த விதிகள்தான் பழைய முதலாளியின் சம்மதத்தை நம்பியிருந்த நிலையைப் பெருமளவு தளர்த்தின. அதன் பிறகு 2021-ஆம் ஆண்டின் 33-ஆம் எண் தொழிலாளர் சட்டம் 2022 பிப்ரவரி 2 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த 45 நாள் அபராதம் பழைய சட்டத்தோடு போய்விட்டது. இன்றைய சட்டப்படி, முறையாக நோட்டீஸ் கொடுத்து அந்தக் காலம் முழுக்க வேலை செய்தவர் அடுத்த பள்ளிக்குப் போகலாம். ஆனால் நாள் கணக்கிலோ, எந்தத் தாளில் எப்போது கையெழுத்துப் போடுவது என்பதிலோ தவறினால் அதே சட்டம் கைகொடுக்காது. அதனால் கீழே சொல்லும் வரிசை முக்கியம்.

இங்கே சொல்வது தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு. அரசுப் பள்ளியில் இருப்பவர்களுக்குத் தனி விதிகள் உண்டு.

முதல் படி: உங்கள் விசா யார் பெயரில் இருக்கிறது?

இதைப் பார்க்காமல் மற்றவர் சொல்லும் ஆலோசனையைக் கேட்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. பக்கத்து மேசை டீச்சருக்குச் சரியாக இருந்தது உங்களுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை.

அமீரகத்தில் உங்களிடம் இரண்டு வேறு அனுமதிகள் இருக்கின்றன. ஒன்று, மனிதவள அமைச்சகமான மோஹ்ரே தரும் வேலை அனுமதி. பழைய ஆட்கள் லேபர் கார்டு என்பார்கள். இன்னொன்று குடியிருப்பு விசா. இதைத் துபாயில் ஜிடிஆர்எஃப்ஏ என்ற குடியேற்றத் துறை கவனிக்கிறது, மற்ற எமிரேட்டுகளில் ஐசிபி என்ற கூட்டாட்சி ஆணையம். வேலை அனுமதி எப்போதும் பள்ளியின் பெயரில்தான் இருக்கும். குடியிருப்பு விசா அப்படி இருக்க வேண்டும் என்பதில்லை.

கணவர் விசாவில் இருந்துகொண்டு வேலை பார்க்கும் ஆசிரியைகள் இங்கே மிக அதிகம். அவர்களுக்குப் பள்ளி எடுத்துத் தருவது வேலை அனுமதி மட்டும்தான். பள்ளி மாறும்போது அந்த அனுமதி மட்டும் ரத்தாகும், குடியிருப்பு விசாவுக்கு ஒன்றும் ஆகாது. நாட்டை விட்டுப் போக வேண்டிய கெடு எதுவும் இல்லை. மனைவி விசாவில் இருக்கும் ஆண் ஆசிரியர்களுக்கும் இதேதான். நீங்கள் இந்த வகை என்றால் கீழே விசா கேன்சல் பற்றி வருவதில் பாதியைத் தாண்டிப் போகலாம். நோட்டீஸ் விதி மட்டும் உங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

பள்ளி விசாவில் இருப்பவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே ரத்தாகும். உங்கள் பெயரில் குடும்பமும் இருந்தால், அவர்கள் விசாவும் உங்களுடையதையே நம்பியிருக்கும்.

கோல்டன் விசாவும் ஐந்து வருட கிரீன் விசாவும் வைத்திருப்பவர்களுக்குக் குடியிருப்பு எந்தப் பள்ளியோடும் கட்டப்படவில்லை. ஆனாலும் புது வேலை அனுமதி வேண்டும். சிறந்த தனியார் பள்ளி ஆசிரியர்களுக்குக் கோல்டன் விசா தருவதாக 2024 அக்டோபரில் துபாய் அறிவித்தது. நல்ல பணிவரலாறு உள்ளவர்கள் பள்ளி நிர்வாகத்திடம் கேட்டுப் பாருங்கள், கூச்சம் வேண்டாம்.

இரண்டாம் படி: ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள்

பள்ளி கொடுத்த நியமனக் கடிதத்தைச் சொல்லவில்லை. மோஹ்ரேயில் பதிவான ஒப்பந்தத்தைச் சொல்கிறேன். மோஹ்ரே செயலியில் நுழைந்தால் அதைப் பார்க்கலாம். பல பேர் சேர்ந்த நாளில் கையெழுத்துப் போட்டதோடு சரி, அப்புறம் அதைத் திறந்தே பார்ப்பதில்லை. மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: நோட்டீஸ் எத்தனை நாள், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, போட்டித் தடை விதி இருக்கிறதா.

நோட்டீஸ் காலம் சட்டப்படி 30 நாளுக்குக் குறையாது, 90 நாளுக்கு மேல் போகாது. பள்ளிகள் 60 அல்லது 90 போடுவது உண்டு. உங்களுடையது எது என்று தெரியாமல் அடுத்த அடி எடுத்து வைக்காதீர்கள்.

போட்டித் தடை என்பது, இந்த வேலையை விட்டபின் இன்ன காலத்துக்குப் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை. சட்டம் அதற்கு அதிகபட்சம் இரண்டு வருடம் வைத்திருக்கிறது. எந்த இடம், எவ்வளவு காலம், எந்த வகை வேலை என்று தெளிவாகச் சொல்லவும் வேண்டும், முதலாளியின் நியாயமான நலனைக் காக்கும் அளவைத் தாண்டவும் கூடாது. "வேறெந்தப் பள்ளியிலும் வேலை செய்ய மாட்டேன்" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தால் அதைக் கண்டு மிரள வேண்டாம். ஆனால் அப்படி ஒரு வரி இருப்பது ராஜினாமாவுக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லையா?

தகுதிகாண் காலம், எல்லோரும் சொல்கிற பேச்சில் புரொபேஷன், ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. ஏப்ரலில் சேர்ந்தவருக்கு அது செப்டம்பரில் முடியும். அதற்குள் அமீரகத்திலேயே வேறு பள்ளிக்குப் போக நினைத்தால் ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தாலொழிய, உங்களைக் கொண்டுவந்த செலவைப் புதுப் பள்ளி பழைய பள்ளிக்கு ஈடுகட்ட வேண்டும். கொடுக்க வேண்டியது புதுப் பள்ளி. உங்கள் சம்பளத்தில் பிடித்தால் கேள்வி கேளுங்கள். புதுப் பள்ளியிடமும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு அவர்கள் பின்வாங்கினால் நீங்கள்தான் நடுவில் நிற்பீர்கள்.

ஊருக்கே திரும்புவதென்றால் 14 நாள் நோட்டீஸ் போதும். ஆனால் ஊருக்குப் போய் மூன்று மாதத்துக்குள் வேறு அமீரகப் பள்ளி விசாவில் வந்தால், அந்தச் செலவு ஈடு புதுப் பள்ளியின் தலையில் விழும். எதையும் சொல்லாமல் கிளம்பிவிட்டால் ஒரு வருடத்துக்குப் புது வேலை அனுமதி கிடைக்காது. ஸ்டாஃப் ரூமில் "பேன்" என்று பேசிக்கொள்வதில் இன்றும் உயிரோடு இருக்கிற ஒரு பகுதி இது.

மூன்றாம் படி: புதுப் பள்ளியின் அதிகாரப்பூர்வ ஆஃபர்

டெமோ கிளாஸ் நன்றாகப் போயிருக்கும். முதல்வர் கைகொடுத்து "வெல்கம்" என்றிருப்பார். எச்ஆரிலிருந்து வாட்ஸ்அப்பில் வாழ்த்தும் வந்திருக்கும். இதில் எதுவும் வேலை ஆகாது. எனக்குத் தெரிந்த ஒரு கணித ஆசிரியை இந்த அளவை நம்பி ராஜினாமா கொடுத்தார். மார்ச்சில் புதுப் பள்ளியில் மாணவர் சேர்க்கை குறைந்து ஒரு பிரிவையே எடுத்துவிட்டார்கள். பழைய பள்ளியோ அதற்குள் வேறு ஆளைப் போட்டுவிட்டது. அந்த வருடம் அவர் பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

நீங்கள் காத்திருக்க வேண்டியது மோஹ்ரேயின் வடிவத்தில் வரும் ஆஃபர் லெட்டருக்கு. அதில் எண்ணும் பார்கோடும் இருக்கும், அதை வைத்து உண்மையா என்று சரிபார்க்கலாம். பின்னால் போடும் ஒப்பந்தம் அந்த ஆஃபருக்குக் குறையாமல் ஒத்திருக்க வேண்டும். மொத்தச் சம்பளத்தை மட்டும் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். 6,000 திர்ஹத்தில் அடிப்படை 2,000 என்றும் மீதியெல்லாம் படிகள் என்றும் பிரித்திருந்தால், பணிக்கொடை கணக்கில் அடி வாங்குவீர்கள்.

இன்னொன்று, பலர் மறந்துவிடுவது. உங்கள் பிள்ளை இப்போதைய பள்ளியில் ஆசிரியர் சலுகைக் கட்டணத்தில் படிக்கிறதா? அந்தச் சலுகை உங்களோடு சேர்ந்து போய்விடும். புதுப் பள்ளியில் எவ்வளவு சலுகை, எத்தனை பிள்ளைக்கு, இடம் உறுதியா என்று எழுத்தில் வாங்குங்கள். சம்பளம் 800 திர்ஹம் கூடி, பிள்ளையின் ஃபீஸ் 1,000 கூடினால் மாறியதில் என்ன பலன்?

ஆளெடுப்புச் செலவு, விசாச் செலவு, மெடிக்கல் செலவு எதையும் உங்களிடம் வாங்கக் கூடாது என்பது சட்டம். "முதல் மூன்று மாதச் சம்பளத்தில் பிடிப்போம்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்தைப் பற்றி அதுவே போதுமான தகவல்.

சான்றிதழ்கள்: ராஜினாமாவுக்கு முன் தயாராக வேண்டியவை

ஆசிரியர் நியமனத்துக்கு மோஹ்ரே மட்டும் போதாது, கல்வித் துறையின் ஒப்புதலும் வேண்டும். துபாயில் கேஎச்டிஏ, அபுதாபியில் அடெக், ஷார்ஜாவில் ஷார்ஜா தனியார் கல்வி ஆணையம், மற்ற எமிரேட்டுகளில் கல்வி அமைச்சகம். ஷார்ஜாவில் ஒப்புதல் வாங்கிப் பத்து வருடம் வேலை செய்திருந்தாலும், துபாய்க்குப் போனால் அங்கே புதிதாகத்தான் தொடங்க வேண்டும். விண்ணப்பிப்பது பள்ளிதான், ஆனால் தாள் உங்களுடையது.

ஒரே முத்திரையில் வெளிநாட்டுச் சான்றிதழை ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் அமீரகம் இல்லை. அதனால் தமிழ்நாட்டுப் பட்டத்துக்கு மாநில உயர்கல்வித் துறை, இந்திய வெளியுறவு அமைச்சகம், இந்தியாவில் உள்ள அமீரகத் தூதரகம், கடைசியில் இங்கே அமீரக வெளியுறவு அமைச்சகம் என்று ஒவ்வொரு முத்திரையாக ஏற வேண்டும். ஒருமுறை செய்தது போதும். ஆனால் முதல் வேலைக்கு இளங்கலையை மட்டும் அட்டஸ்ட் செய்துவிட்டு பி.எட்.டை விட்டிருப்பீர்கள், இப்போதைய பள்ளி அதைக் கேட்டிருக்காது. புதிய இடத்தில் கேட்டால் ஊரிலிருந்து மறுபடி முதலிலிருந்து ஓட வேண்டும். தொலைநிலைக் கல்வியில் படித்தவர்கள் பட்டம் ஏற்கப்படுமா என்பதைப் புதுப் பள்ளி மூலம் முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள்.

நம் பெயர்களில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பட்டத்தில் எஸ். கவிதா, பாஸ்போர்ட்டில் கவிதா சுப்பிரமணியன், கல்யாணத்துக்குப் பின் புதுப்பித்ததில் கணவர் பெயர். நமக்கு மூன்றும் ஒருவர்தான், கணினிக்கு மூன்று பேர். இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு சான்று வாங்கி, அதையும் அட்டஸ்ட் செய்து வைத்திருங்கள்.

காவல்துறை நன்னடத்தைச் சான்றும் கேட்பார்கள். அது சீக்கிரம் காலாவதி ஆகும், ஆகவே இதை மட்டும் ரொம்ப முன்னதாக வாங்காதீர்கள். பழைய பள்ளியின் அனுபவச் சான்று உங்கள் உரிமை, கட்டணமில்லாமல் தர வேண்டும். இத்தனை தாளையும் ஸ்கேன் செய்து உங்கள் சொந்த மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். பள்ளி மின்னஞ்சல் கடைசி வேலை நாளோடு மூடப்பட்டுவிடும்.

நான்காம் படி: நோட்டீஸ்

பொறுமையாகக் கணக்குப் போட வேண்டிய இடம் இது.

இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளின் கல்வியாண்டு மார்ச்சில் முடிகிறது. மார்ச் 31 உங்கள் கடைசி நாள் என்று வைத்துக்கொள்வோம். 30 நாள் நோட்டீஸ் என்றால் மார்ச் 1-ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். 60 நாள் என்றால் ஜனவரி 30. 90 நாள் என்றால் டிசம்பர் 31. அந்தக் கடைசித் தேதியைக் கவனியுங்கள், பள்ளி அப்போது குளிர்கால விடுமுறையில் மூடியிருக்கும். கடிதத்தை வாங்கிக்கொள்ள ஆள் இருக்காது, ஜனவரியில் திறந்தபின் "இன்றுதான் கிடைத்தது" என்பார்கள். ஆக 90 நாள்காரர்கள் விடுமுறைக்கு முந்தைய வாரத்திலேயே கொடுத்துவிட வேண்டும். அதற்கு நேர்காணலை அக்டோபர், நவம்பரிலேயே முடித்திருக்க வேண்டும்.

பிரிட்டிஷ், அமெரிக்கப் பாடத்திட்டப் பள்ளிகள் ஆகஸ்ட் கடைசியில் திறக்கும். இந்தியப் பள்ளியிலிருந்து அங்கே மாறுகிறவருக்கு மார்ச்சில் விட்டால் நடுவில் ஐந்து மாதம் வருமானம் இல்லை. ஆகஸ்ட் வரை இருந்தால் நடுவருடத்தில் வகுப்பை விட்டுப் போக வேண்டும். நான் இரண்டாவதைக் குறை சொல்ல மாட்டேன், வாடகையும் ஃபீஸும் யாருக்கும் நிற்பதில்லை. ஆனால் நிர்வாகத்திடம் ஏப்ரலிலேயே மனம்விட்டுப் பேசிப் பாருங்கள். கோடை விடுமுறைக்கு முன் முடித்துக்கொள்ள ஒப்புக்கொள்ளும் பள்ளிகளும் உண்டு. இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் நோட்டீஸ் காலத்தைக் குறைக்கலாம். விடுமுறை மாதச் சம்பளம் யாருக்கு உண்டு என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுக் கடைசி நாளைத் தேர்ந்தெடுங்கள்.

கடிதம் நான்கு வரி போதும்: பதவி, ராஜினாமா செய்கிறேன், நோட்டீஸ் இத்தனை நாள், கடைசி வேலை நாள் இன்னது. காரணம் எழுத வேண்டியதில்லை, மனக்குறையும் வேண்டாம். மின்னஞ்சலில் அனுப்பி, அச்சுப் பிரதியில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள்.

நோட்டீஸ் காலத்தில் முழுச் சம்பளம் உண்டு. நடுவில் நின்றுவிட்டால் மீதி நாட்களுக்கான சம்பளத்தை நீங்கள் பள்ளிக்குத் தர வேண்டிவரும். உங்களைப் பள்ளியே நீக்கியிருந்தால், அந்தக் காலத்தில் வேறு வேலை தேட வாரத்துக்கு ஒரு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுக்கலாம்.

இதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள்: கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய் அங்கிருந்தே "இனி வரமாட்டேன்" என்று மெயில் போடுவது. தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் தகவலின்றி வராவிட்டால் வேலையை விட்டு ஓடியதாகப் பள்ளி மோஹ்ரேயில் புகார் பதியலாம். ஆப்ஸ்கான்டிங் என்று பேர். அது ஒருமுறை விழுந்துவிட்டால் புதுப் பள்ளியின் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பிறகு அதை நீக்க அலைவது பெரும் பாடு.

ஐந்தாம் படி: கேன்சல் தாளில் கையெழுத்துப் போடுமுன்

கடைசி நாள் வந்துவிட்டது. பள்ளியின் விசா, அரசு அலுவல்களைக் கவனிக்கும் பிஆர்ஓ ஒரு தாளை நீட்டுவார். அவசரமாக இருப்பார், "எல்லாரும் போட்டுட்டாங்க டீச்சர்" என்பார். அந்தத் தாளில் உங்களுக்குச் சேர வேண்டிய எல்லாப் பாக்கியும் வந்துவிட்டது என்று ஒரு வாசகம் இருக்கும். பணம் வங்கிக்கு வராமல் அதில் கையெழுத்துப் போட்டால், பின்னால் கேட்கப் போகும்போது அந்தக் கையெழுத்தையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். குறைந்தபட்சம் தொகை எழுதிய செட்டில்மென்ட் விவரத்தையாவது முதலில் வாங்கிப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்த 14 நாளுக்குள் எல்லாப் பாக்கியையும் தர வேண்டும் என்பது சட்டம்.

அதில் என்னென்ன இருக்க வேண்டும்? கடைசி மாதச் சம்பளம், எடுக்காத விடுப்புக்கான பணம், பணிக்கொடை. பணிக்கொடை ஒரு வருடம் முடித்தவர்களுக்கு உண்டு. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் ஒவ்வொரு வருடத்துக்கும் 30 நாள். அடிப்படை 3,000 திர்ஹம், ஏழு வருடம் வேலை என்றால், நாளுக்கு 100. முதல் ஐந்து வருடத்துக்கு 105 நாள், அடுத்த இரண்டுக்கு 60 நாள், ஆக 165 நாள், 16,500 திர்ஹம். நீங்களாக ராஜினாமா செய்ததால் குறைப்பது பழைய சட்டத்தில் இருந்தது, இப்போது இல்லை.

வங்கிக் கடன் இருப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: செட்டில்மென்ட் தொகை கணக்கில் விழுந்ததும் வங்கி அதை நிறுத்தி வைக்கலாம். புது ஆஃபர் லெட்டரை எடுத்துக்கொண்டு முன்கூட்டியே வங்கிக்குப் போய்ப் பேசினால் இது பெரும்பாலும் சுமுகமாக முடியும்.

குடும்பம் உங்கள் விசாவில் இருந்தால், உங்களுடையதைக் கேன்சல் செய்வதற்கு முன் அவர்கள் விசாவை ரத்தாகாமல் ஹோல்டில் (தற்காலிக நிறுத்தத்தில்) வைக்க டைப்பிங் சென்டரிலோ, துபாயில் விசா விண்ணப்பம் வாங்கும் ஆமர் மையத்திலோ விண்ணப்பியுங்கள். இது பிஆர்ஓவின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். அவர் உங்கள் தாளைத்தான் பார்ப்பார்.

பாஸ்போர்ட்டைப் பள்ளி வைத்துக்கொள்வது சட்டவிரோதம். கேன்சலுக்காக வாங்கினால் வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிவிடுங்கள்.

ஆறாம் படி: இடைக்காலம்

விசா கேன்சல் ஆனபின் நாட்டில் இருக்கச் சலுகைக் காலம் உண்டு. எத்தனை நாள் என்பது விசாப் பிரிவைப் பொறுத்து மாறும். உங்கள் கேன்சல் தாளில் அச்சிட்டிருக்கும் தேதிதான் உங்களுக்கான கணக்கு. அதைத் தாண்டினால் நாளுக்கு 50 திர்ஹம் அபராதம்.

அந்த இடைவெளியில் புதுப் பள்ளி உங்களுக்கு வேலை அனுமதி எடுத்து, நாட்டுக்குள் இருந்தபடியே நிலைமாற்றம் செய்யும். பிறகு ரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும், எமிரேட்ஸ் ஐடி, புது விசா. நாட்டை விட்டு வெளியே போய் வர வேண்டிய அவசியமில்லை. வேலை அனுமதி வருமுன் "சும்மா வந்து வகுப்பைப் பாருங்க" என்று கூப்பிட்டால் போகாதீர்கள். அனுமதியின்றி ஆளை வேலைக்கு வைத்தால் நிறுவனத்துக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்று 2024-இல் சட்டத்தைக் கடுமையாக்கிவிட்டார்கள். பிடிபட்டால் நீங்களும் பத்திரமாக இருக்க மாட்டீர்கள்.

வீட்டில் டியூஷன் எடுப்பதற்கும் அனுமதி வேண்டும். 2023 டிசம்பரில் தனிப்பயிற்சி ஆசிரியர்களுக்கென்று கட்டணமில்லாத, இரண்டு வருட அனுமதியைக் கொண்டுவந்தார்கள்.

2023 முதல் கட்டாயமாகிவிட்ட வேலையிழப்புக் காப்பீட்டை நம்பி ராஜினாமா கொடுக்காதீர்கள். தானாக வேலையை விட்டவருக்கு அது பணம் தராது. தொடர்ந்து 12 மாதம் சந்தா கட்டியிருந்து, பள்ளியே நீக்கியிருந்தால் மட்டும் 30 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம்.

பள்ளி ஒத்துழைக்காவிட்டால்

ராஜினாமாவை "ஏற்கவில்லை" என்று சொன்னாலும் முறையாகக் கொடுத்த நோட்டீஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கேன்சல் செய்ய இழுத்தடித்தாலோ பாக்கி தராவிட்டாலோ மோஹ்ரே செயலியிலேயே புகார் கொடுக்கலாம். இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். கோரிக்கை 50,000 திர்ஹத்துக்குள் என்றால் அமைச்சகமே தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் 2024 முதல் இருக்கிறது. அதற்கு மேல் என்றால் நீதிமன்றம், ஒரு லட்சம் திர்ஹம் வரையிலான தொழிலாளர் வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு வருடம் வரை கேட்கலாம், ஆனால் நாட்டில் இருக்கும்போதே கேட்பது எளிது. புகார் கொடுத்தால் புது வேலை போய்விடுமோ என்ற பயத்தில் நியாயமான பணத்தை விட்டுவிட்டுப் போன பலரை அறிவேன். சம்பளச் சீட்டு, மின்னஞ்சல், விடுப்புப் பதிவு மூன்றும் கையில் இருந்தால் தயங்காமல் போங்கள்.

புதுப் பள்ளியில் சேர்ந்த வாரத்தில் மோஹ்ரே செயலியைத் திறந்து, பதிவான ஒப்பந்தத்தை ஆஃபர் லெட்டரின் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம், நோட்டீஸ் நாள், பதவியின் பெயர். ஆசிரியர் என்று பேசிவிட்டு உதவியாளர் என்று பதிவு செய்திருந்தால் அன்றைக்கே எச்ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். குடும்ப விசாவின் ஹோல்டை எடுக்க உங்கள் புது விசாவும் ஐடியும் வந்தவுடன் விண்ணப்பித்துவிடுங்கள், அதற்கும் கெடு உண்டு.